ஒழுகலை அடைத்த பிறகு

பழைய சொகுசு கார்களில் கூலன்ட் ஒழுகலுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: எத்தனை முறை சரிசெய்தாலும் திரும்ப வரும். வாட்டர் பம்ப்பை மாற்றினால் இரண்டு மாதம் நிற்கும். அப்புறம் ஏதோ ஒரு ஹோஸ் முனையில் ஈரம் தட்டும். ஹோஸை மாற்றினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டியில் விரிசல் விழும். உரிமையாளர் மெக்கானிக்கைச் சந்தேகிப்பார், மெக்கானிக் உதிரிபாகத்தைச் சந்தேகிப்பார், கடைசியில் இருவரும் சேர்ந்து காரைச் செய்த கம்பெனியைத் திட்டுவார்கள். மெக்கானிக் கைதேர்ந்தவர், உதிரிபாகம் அசல், வடிவமைப்பிலும் பிழையில்லை என்று வைத்துக்கொண்டாலும் இதே கதைதான் நடக்கும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே சூட்டில் வெந்து, ஒரே வயதை எட்டிய பல மூட்டுகள் அந்த இன்ஜினில் இருக்கின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுகின்றன. அதோடு, ஒன்றை அடைக்கும்போது மற்றவற்றின் மேல் விழும் சுமை கூடுகிறது.

சுமை என்றால் இங்கே அழுத்தம். பெட்ரோல் எரிவதில் கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் கொட்டுகிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிய வளையத்துக்குள் அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதலாக இருந்தால் அது 129 டிகிரிக்குப் போகும். பிஎம்டபிள்யூ கார்களின் கூலன்ட் டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தால் 140 அல்லது 200 என்று பொறித்திருக்கும்; எத்தனை கிலோபாஸ்கலில் மூடி தன்னைத் திறந்துகொள்ளும் என்பதன் கணக்கு அது, அதாவது 1.4 அல்லது 2 பார். சமையலறைக் குக்கரும் இந்த வளையமும் இயற்பியலில் ஒரே சாதிதான். குக்கரின் கேஸ்கட் தளர்ந்துவிட்டால் விளிம்பில் ஆவி சீறும், விசில் வராது. அந்த நிலையில் சேஃப்டி வால்வு நல்ல நிலையில் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதைச் சோதிக்கும் அழுத்தம் உள்ளே சேர்ந்தால்தானே? புதுக் கேஸ்கட் போட்ட அன்றுதான் மற்ற பாகங்களின் லட்சணம் தெரியவரும்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். குக்கரில் வெளியேறுவது ஆவி. காரில் சொட்டுவதோ திரவம். நாளொன்றுக்குச் சில மில்லி சொட்டினால் அழுத்தம் எப்படிக் குறையும்? நியாயமான கேள்வி. ஒரே பயணத்துக்குள் அது குறையாதுதான். ஆனால் டேங்க்கில் கூலன்டுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றை மறந்துவிடக் கூடாது. 12 லிட்டர் கொண்ட வளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த இன்ஜின் 100 டிகிரியை எட்டும்போது கூலன்ட் ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது 600 மில்லி விரிகிறது. காற்றுக்கு இருந்த இடம் 1.2 லிட்டர் என்றால் அது 0.6 லிட்டராக நசுங்கும். காற்றும் சூடாவதையும் சேர்த்தால் அதன் அழுத்தம் இரண்டரை மடங்காகும். இப்போது பல வாரச் சொட்டில் 600 மில்லி போய்விட்டதாகக் கொள்வோம். காற்றின் இடம் 1.8 லிட்டரிலிருந்து 1.2 லிட்டருக்கு மட்டுமே நசுங்கும்; அழுத்தம் இரண்டு மடங்கைக்கூட எட்டாது. வித்தியாசம் 0.6 பார். ஒழுகும் கார் தன் அழுத்தத்தைத் தானே தணித்துக்கொள்கிறது. ஒழுகலை அடைத்து, கூலன்டை அளவுக்கு நிரப்பி, மூடியையும் புதிதாக மாற்றி அனுப்பும்போது, பல மாதங்களாக இளைப்பாறிக்கொண்டிருந்த எல்லா மூட்டுகளும் பழைய முழு அழுத்தத்தைச் சந்திக்கின்றன. அடுத்த பலவீனம் அப்போது வாய் திறக்கிறது.

ஏன் எல்லா மூட்டுகளும் ஒரே சமயத்தில் பலவீனமாகின்றன என்பதற்கு ஒரு குறிப்பிட்ட இன்ஜினைப் பார்ப்பது நல்லது. 2001-ல் 7 சீரிஸ் காரில் வந்த பிஎம்டபிள்யூவின் என்62, அந்தக் காலத்தின் மிக நுட்பமான வி8 இன்ஜின்களில் ஒன்று. 5, 6, 7 சீரிஸ் கார்களிலும் எக்ஸ்5-லும் ஏறக்குறைய பத்தாண்டு ஓடியது. அதில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக வி வடிவில் சாய்ந்திருக்கும். அந்த இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு குழாய் கிடக்கிறது. முன்பக்கம் உள்ள வாட்டர் பம்ப் தள்ளும் கூலன்ட் முதலில் இந்தக் குழாய் வழியாக இன்ஜினின் பின்கோடிக்குப் போய், அங்கிருந்து பிரிந்து சிலிண்டர்களைச் சுற்றி, அவற்றின் மேலுள்ள ஹெட்டுகளுக்குள் ஏறி முன்னால் திரும்புகிறது. குழாய் அலுமினியம், அது ஒன்றும் ஆவதில்லை. அதன் முன்முனையில் ஒட்டியிருக்கும் ரப்பர் சீல்தான் விஷயம். கார் பத்து வயதை நெருங்கும்போது அந்த சீல் இறுகி, சுருங்கி, கூலன்டைப் பள்ளத்துக்குள் விட ஆரம்பிக்கிறது. பள்ளத்தில் சேரும் கூலன்ட் வெளியேறுவதற்கென்றே முன்பக்கம் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே அது டைமிங் கவரின் மேல் வழிந்து ஆல்டர்னேட்டர் பக்கம் இறங்கும். பார்ப்பவருக்கு வாட்டர் பம்ப் ஒழுகுவதுபோலவே இருக்கும். அதனால் நல்ல நிலையிலிருந்த எத்தனையோ வாட்டர் பம்ப்புகள் அநியாயமாகக் கழற்றப்பட்டிருக்கின்றன.

ரப்பருக்கு அங்கே என்ன நடக்கிறது? ஒரு சீல் திரவத்தை நிறுத்துவது அது நசுக்கப்பட்டிருப்பதால்தான். நசுங்கிய ரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்ப முயல்கிறது, அந்த முயற்சியில் இருபுறமும் உள்ள உலோகத்தை விடாமல் தள்ளுகிறது. வெப்பமும் ஆக்சிஜனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைச் சில இடங்களில் வெட்டுகின்றன, சில இடங்களில் புதிதாகக் கோத்துவிடுகின்றன. புதிய கோப்புகள் நசுங்கிய நிலையிலேயே உருவாவதால், நசுங்கிய வடிவமே அதன் இயல்பான வடிவமாகிவிடுகிறது. இதை அளப்பதற்குத் தரப்படுத்தப்பட்ட சோதனை உண்டு: ரப்பர்த் துண்டைக் கால் பங்கு நசுக்கி, சூடான அடுப்பில் நாள்கணக்கில் வைத்து, எடுத்து விடுவித்து, நசுக்கிய அளவில் எத்தனை சதவீதம் திரும்பவில்லை என்று பார்ப்பார்கள். எண்பது சதவீதம் திரும்பவில்லை என்றால் அந்த சீலின் ஆயுள் முடிந்ததாகப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். இது வேதிவினை என்பதால் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஸ்வாண்டே அர்ரீனியஸ் 1889-ல் வகுத்த சமன்பாட்டிலிருந்து வரும் தோராய விதி, பத்து டிகிரி கூடினால் வினை இரட்டிப்பு வேகம் என்கிறது. 1980-களின் பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் இன்ஜின்களில், கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 80 டிகிரியில் திறந்தது. என்62-ன் தெர்மோஸ்டாட், அதிலுள்ள மின்சூடேற்றி தலையிடாதபோது, 105 டிகிரி வரை காத்திருக்கிறது. 25 டிகிரி வித்தியாசத்துக்கு விதிப்படி ஐந்தரை மடங்கு வேகமான முதுமை. விதி தோராயமானதுதான், ஒவ்வொரு ரப்பருக்கும் எண் மாறும். பாதியாகக் குறைத்து மதிப்பிட்டாலும் விஷயம் விளங்கிவிடுகிறது.

பிளாஸ்டிக்கின் கதை இன்னும் சுவையானது. டேங்க், ரேடியேட்டர் பக்கத் தொட்டி, பல குழாய்கள் எல்லாம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66. டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-ல் இந்த நைலானை உருவாக்கியபோது இரண்டு மூலப்பொருள்கள் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு ஒன்றோடொன்று இணைந்தன. அந்த இணைப்புகளின் சங்கிலிதான் நைலான். அதே நைலானை நூறு டிகிரித் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்தால் வெளியே போன தண்ணீர் மூலக்கூறு திரும்பி உள்ளே நுழைந்து சங்கிலியை வெட்டுகிறது. நைலான் செய்த வினையே பின்னோக்கி ஓடுகிறது. பத்து வயதான டேங்க் கழுத்து கைபட்டவுடன் பிஸ்கட்டாக நொறுங்குவதற்கு அதைக் கழற்றியவரின் முரட்டுக் கையைக் குறை சொல்வது பெரும்பாலும் அநியாயம்.

இத்தனை இடத்தில் ஒழுகியும் தரையில் குட்டையைக் காணோமே என்பது அடுத்த புதிர். மாதம் ஒரு லிட்டர் குறைகிறது என்றால் நாளுக்கு 33 மில்லி. ஒரு சொட்டு 0.05 மில்லி என்று கொண்டால் 660 சொட்டு. தினம் ஒரு மணி நேரம் ஓடும் காரில் ஐந்தரை விநாடிக்கு ஒரு சொட்டு. இவ்வளவு மெதுவாக விழும் சொட்டுகள் சூடான அலுமினியத்தின் மேல் பரவி, பெரும்பாலும் தரையை எட்டும் முன்பே ஆவியாகிவிடும். தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்புகளும் சாயமும் நீலமோ வெள்ளையோ பொருக்காக அங்கேயே படியும். பொருக்குதான் சாட்சி, ஈரம் கிடையாது. வேறு சில கார்கள் ஓடும்போது காய்ந்து கிடந்து, இரவில் நிறுத்தியபின் சொட்டும். அலுமினியத்தைவிட ரப்பர் ஏழெட்டு மடங்கு அதிகமாகச் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள சீல் 80 டிகிரி ஆறும்போது, அதைப் பிடித்திருக்கும் உலோகத்தைவிட 0.06 மில்லிமீட்டர் கூடுதலாக ஒடுங்குகிறது. மீள்தன்மை உள்ள ரப்பர் அந்த இடைவெளியைத் தள்ளி நிரப்பிவிடும். மீள்தன்மை போன ரப்பரால் முடியாது. ஆகவே அழுத்தச் சோதனையைச் சூடான இன்ஜினில் செய்துவிட்டு ஒழுகலே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது வீண் வேலை. கைப்பம்ப்பை டேங்க் வாயில் மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தத்தை ஏற்றி, விடிகாலைக் குளிரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே சோதனை.

இனி ஒரு சிறு கணக்கு. வளையத்தில் ஒரே வயதுள்ள பத்து மூட்டுகள். ஒவ்வொன்றும் இந்த ஆண்டு ஒழுக ஆரம்பிக்கும் வாய்ப்பு பத்து சதவீதம் என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒன்று ஒழுகும் வாய்ப்பு 65 சதவீதம். ஒழுகிய ஒன்றைப் புதிதாக மாற்றினால் மீதி ஒன்பதில் ஏதாவது ஒன்று அடுத்த ஓராண்டில் ஒழுகும் வாய்ப்பு 61 சதவீதம். செலவழித்த பணத்துக்குக் கிடைத்த நிம்மதி நாலே நாலு சதவீதம். ஒவ்வொரு மூட்டும் தன் போக்கில் தனித்தனியாகப் பழுதாகிறது என்று நினைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் அழுத்தம் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது, ஆகையால் நிலைமை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். பழைய ஹோஸை ஒருமுறை கழற்றி மாட்டினாலே அது முன்போல் பிடிக்காது என்பதும் உண்டு. மெக்கானிக் தொட்டதால்தான் கெட்டது என்ற புகாரில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. தொடாமல் வேலை செய்யத்தான் வழியில்லை.

எளிய மாற்றுவழி ஒன்று எல்லோருக்கும் தோன்றும்: குறையக் குறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓட்டினால் என்ன? மாதம் ஒரு லிட்டர் போய், அதற்கு ஈடாக ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் சேர்ந்தால், ஒவ்வொரு மாதமும் கலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு கரைந்துபோகும். ஓராண்டு முடிவில் 50 சதவீதமாக இருந்த கிளைக்கால் 17.6 சதவீதத்துக்கு இறங்கும். துருவைத் தடுக்கச் சேர்த்திருந்த மருந்துகளும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஊற்றியது போர்வெல் தண்ணீராக இருந்தால் சுண்ணாம்புப் படிவு இலவசம். இதற்கு மேல் சிலர் மூடியைத் தளர்த்தி வைக்கச் சொல்வார்கள். அழுத்தம் இல்லாவிட்டால் ஒழுகாது அல்லவா? ஒழுகாதுதான். ஆனால் அழுத்தமில்லாத அந்த நீர்த்த கலவை 102 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், 105 டிகிரித் தெர்மோஸ்டாட்டோ இன்னும் திறந்திருக்காது. எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி ஆவிக்குமிழிகள் சூழ்ந்தால் உலோகத்திலிருந்து வெப்பத்தை எடுக்க ஆளில்லை. அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். சரி, தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்துவிடலாம் என்பது நம் ஊர் பட்டறைகளின் பழைய வைத்தியம். கார்புரேட்டர் காலத்து இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டது. கணினி கட்டுப்படுத்தும் இன்ஜினோ தான் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், எச்சரிக்கை விளக்கையும் ஏற்றி வைக்கும்.

ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவதைக் கேலி செய்பவர்கள் ஒரு தகவலைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-ல் அலுமினிய பிளாக்குடன் வந்த கேடிலாக் வி8 இன்ஜினில் ஒழுகலைத் தடுக்க ஜெனரல் மோட்டார்ஸே கூலன்டில் அடைப்பு மாத்திரை போட்டு அனுப்பியது. அந்த வகை மாத்திரைகளின் முக்கியச் சரக்கு இஞ்சி வேர்த் தூள். அமெரிக்கச் சொகுசு காருக்கு இஞ்சி, நம் அம்பாசடருக்கு மஞ்சள், தத்துவம் ஒன்றுதான். தூள் நீரோட்டத்தில் மிதந்து வந்து, துளை இருக்கும் இடத்தில் சிக்கி, ஊறி அடைக்கிறது. உலோகத்தில் விழுந்த ஊசித்துளைக்கு இது நிஜமாகவே வேலை செய்யும். சூடாகும்போது ஒருமுறை, ஆறும்போது ஒருமுறை என்று தினமும் அசையும் ரப்பர் சீலின் இடைவெளிக்கு இது நிற்காது. அதற்குள் அதே தூள் கார் உள்ளறையைச் சூடாக்கும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் துளைகள் என்றே எண்ணி அடைத்திருக்கும்.

எல்லாம் கம்பெனிகளின் சதி, வாரன்டி முடிந்ததும் ஒழுகும்படி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 105 டிகிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. சூடான இன்ஜினில் ஆயில் இளகி உராய்வு குறையும், சிலிண்டர் சுவர் வழியாக வீணாகும் வெப்பமும் குறையும். ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் 1998-ல் தாமாக முன்வந்து, 2008-க்குள் கார்களின் சராசரிக் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டைக் கிலோமீட்டருக்கு 140 கிராமாகக் குறைப்பதாக உறுதி கொடுத்திருந்தன. ஒவ்வொரு துளிப் பெட்ரோலும் கணக்கில் வந்த காலம் அது. சதி என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனாலும் முழுக்க நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். சில நூறு ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வளையத்தை, பாதி இன்ஜினைக் கழற்றினால் மட்டுமே எட்டக்கூடிய இடத்தில் வைத்தவர்கள், அதை மாற்றப்போகிறவரைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. புதிதாக வாங்குபவர் மூன்று நான்கு ஆண்டில் காரைக் கைமாற்றிவிடுவார். பத்தாவது ஆண்டின் உரிமையாளர் அவர்களுக்கு வாடிக்கையாளரே இல்லை.

என்62-ன் குழாயை மாற்ற முறைப்படி செய்யவேண்டியது இன்டேக் மேனிஃபோல்ட், வால்வு கவர்கள், மேலும் கீழுமான டைமிங் கவர்கள் அனைத்தையும் கழற்றுவது. குழாய் முன்பக்கமாகத்தான் முழு நீளத்தில் வெளியே வரும், டைமிங் கவர் அதை மறைத்து நிற்கிறது. பல நாள் கூலி. வெளிச்சந்தையில் ஒருவர் வேறு விதமாக யோசித்தார்: பழைய குழாயைப் பள்ளத்திலேயே இரண்டாக அறுத்து எடுத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுக் குழாயை மடக்கிய நிலையில் உள்ளே வைத்து, நீட்டி இரு முனையிலும் உட்காரவைப்பது. டைமிங் கவரைத் தொடவே வேண்டாம். கம்பெனி முறை இல்லாத இந்த வேலையை நம்பலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. புதிய குழாயின் ஓ-ரிங்குகளும் ரப்பர்தான், அவையும் ஒருநாள் இறுகும் என்ற ஆட்சேபமும் சரிதான். ஆனால் அடுத்த முறை கழற்றுவது இதே சுலபத்தில் முடியும் என்பதே இந்த வடிவத்தின் லாபம்.

இன்டேக் மேனிஃபோல்ட் மேலே வந்துவிட்ட அந்த நேரத்தில் வயதான ஹோஸ்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டேங்க், மூடி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் வியாபாரத் தந்திரம் என்று தோன்றக்கூடும். கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. 65-ஐ 61 ஆக்குவதற்குப் பதிலாக ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர மிச்சமுள்ள செலவு பாகங்களுக்கு மட்டும்தான். உலோகத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. ஹெட்டையும் பிளாக்கையும் உலோகக் குழாய்களையும் வயதைக் காட்டி மாற்றச் சொல்பவர் நிஜமாகவே வியாபாரம்தான் செய்கிறார். காரின் மதிப்பைவிட இந்த வேலையின் செலவு அதிகம் என்றால், ஒழுகலோடு வாழ்வதும் அறிவுள்ள முடிவுதான். நிபந்தனைகள் மூன்று: ஊற்றுவது தண்ணீராக இல்லாமல் அதே சரிபாதிக் கலவையாக இருக்க வேண்டும், மூடி முழு அழுத்தத்தைத் தாங்க வேண்டும், குறையும் வேகத்தைக் குறித்து வைக்க வேண்டும். மாதம் ஒரு லிட்டர் வாரம் ஒரு லிட்டராகும்போது பொருக்கை எங்கும் காணவில்லை என்றால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் வாயில் நீலத் திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அப்படி மாறினால் பழுது ஹெட் கேஸ்கட்டிலோ ஹெட்டிலோ இருக்கிறது. மேலே சொன்ன சீல் கணக்கு அங்கே செல்லாது, கலவை ஊற்றிக்கொண்டு ஓட்டும் சலுகையும் அன்றோடு முடிகிறது.